இளநீரில் பெயர் பெற்றவள்

தும்பி,

உன் குருப்பட்டத்துக்கு நினைவு மலர் அச்சடித்துப் போடுகிறார்களாம். நம் கோவில் உபதேசியார் போன ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை நிறுத்தி, "எக்கா, புள்ளயப் பெத்தவங்க நீங்க, ஆசீர்வாதமா நாலு வரி எய்திக் குடுங்க. மொதப் பக்கத்துல பட்டம் குடுக்கற மேற்றிராணியார் படம், ரெண்டாம் பக்கத்துல நீங்க" என்றார். நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவள். எழுத வராது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "வாயால சொல்லுங்க, நான் எய்திக்கிறேன்" என்றும் சொன்னார். அவர் எழுதினால் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். எங்கள் தவப்புதல்வனை ஆண்டவருக்குக் காணிக்கையாக்கிய பாக்கியத்தை எண்ணி எண்ணி ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறோம் என்று ஆரம்பிப்பார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் விட்டுவைத்த கோடு போட்ட நோட்டில் மிச்சமிருக்கிற பக்கங்களில்தான் எழுதுகிறேன். இது நாலு வரியில் அடங்காது. அச்சாபீஸ்காரர் வேண்டுமானால் பொடி எழுத்தில் போடட்டும். வெட்டுவதாக இருந்தால் முழுசையும் வெட்டட்டும், பாதியைப் போட வேண்டாம்.

அச்சில் உன்னைத் தும்பி என்று கூப்பிடுவது உனக்குக் கூச்சமாக இருக்கும். அடுத்த மாசத்திலிருந்து ஊரே உன்னைச் சாமி என்று கூப்பிடும். நானும் உன் கையை முத்தி செய்துவிட்டு அப்படித்தான் கூப்பிடவேண்டும். அதற்கு முன்னால் பெற்றவளாக ஒரு தடவை பேசிவிடுகிறேன். உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்து, ஒரு காலைப்பொழுது இருந்து, போய்விட்டாள். அவள் மோட்சத்தில் இருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் கஞ்சி குடித்தேன், வேலைக்குப் போனேன், உன்னை வளர்த்தேன். போன மே மாச விடுமுறைக்கு வந்தபோது அவள் அங்கே இல்லை என்று நீ சொன்னாய். சண்டைக்காகச் சொல்லவில்லை, படித்ததைச் சொன்னாய். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். நீ கிளம்பின அன்றைக்கும் செங்கல்பட்டு ஜங்ஷன் வரைக்கும் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ரயில் நகரும்வரைக்கும் முறுக்கு வாங்கித் தரட்டுமா, கூஜாவில் தண்ணீர் பிடித்துத் தரட்டுமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் இப்போதுதான் வந்தது. அதை எல்லார் முன்னாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ சொன்ன சட்டம் எனக்கு மட்டும் உள்ளது இல்லை. இந்த மலரைப் படிக்கப்போகிற வீடுகளில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு குழந்தை உண்டு என்று அந்தந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

நீ குருமடத்தில் தத்துவம் படிக்க ஆரம்பித்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் எனக்கு ஒரு கதை கொண்டுவருவாய். ஐரோப்பாவில் அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முன்னால் சாமியார்கள் நடத்தின பள்ளிகள். அங்கே ஒருத்தர் ஒன்று சொல்வார், இன்னொருத்தர் எழுந்து அதை அறுப்பார், அறுத்ததற்கு முதல் ஆள் பதில் சொல்வார். "கேள்வி, மறுப்பு, பதில், மறுப்புக்குப் பதில், இப்படியே ஒரு புத்தகம் முழுக்கப் போவும்மா" என்பாய். நான் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டே, "ரேஷன் கடை க்யூவுல தெனைக்கும் இதான்டா நடக்குது" என்பேன். அதில் ரெண்டு கட்சி என்றாய். பெரிய கட்சி ஒரு இத்தாலிக்காரருடையது, குருமடத்தில் பாடமாக நடத்துவது அதைத்தான். சின்னக் கட்சி ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பழுப்பு அங்கிச் சாமியாருடையது. அவர் வழியில் வந்தவர்களுக்கு ஸ்கோத்தியர் என்று பெயர். ரொம்ப நுணுக்கமாகப் பேசினதாலேயே, பின்னால் வந்தவர்கள் அவர் பெயரையே மண்டூகம் என்று திட்டுகிற வசவாக ஆக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டாய். உனக்கு அந்தச் சின்னக் கட்சிமேல்தான் ஆசை. பரீட்சையில் பெரிய கட்சியை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சின்னக் கட்சியைப் பேசுவாய். அது உன் அப்பாவின் ரத்தம். அவரும் மேஸ்திரி எதிரில் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் நியாயம் பேசினவர்தான்.

ஒரு தடவை நம் வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டிருந்தது. ரெண்டும் ஒரே கறுப்பு, நெற்றியில் ஒரே மாதிரி வெள்ளை. நீ அதுகளுக்கு எதிரில் குந்திக்கொண்டு, "இது ஏம்மா இதுவா இருக்கு? அதுவா ஏன் இல்ல?" என்று கேட்டாய். வெயிலில் அலைந்ததில் உனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். பெரிய கட்சி, ரெண்டும் ஆடுதான், உடம்பு வேறே என்பதால்தான் வேறே வேறே என்று சொல்லுமாம். சின்னக் கட்சி, அது போதாது, ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு எதிலும் இல்லாத 'இதுதான் இது' என்று ஒன்று அடியில் இருக்கிறது, கடவுள் பொத்தாம்பொதுவாக ஆடு என்று எதையும் படைக்கவில்லை, இதைப் படைத்தார், அப்புறம் இதைப் படைத்தார் என்று சொல்லுமாம். "இதுக்கு ஸ்காட்லாந்துலேர்ந்து வரணுமாடா? இது பால் குடிக்கச்சொல்ல முட்டும், அது முட்டாது. ஆட்டுக்காரியக் கேட்டா சொல்லிட்டுப் போறா" என்றேன். நீ விடவில்லை. "முட்டறத நிறுத்திட்டாலும் அது அதுதானம்மா? ஒண்ணுமே செய்யாம சும்மா படுத்திருந்தாலும் அது அதுதான். அந்த 'அதுதான்' இன்னான்றதுதான் கேள்வி." நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஒன்றுமே செய்யாமல் சும்மா படுத்திருந்து போன ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் முட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் அவள் அவள்தான் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை அன்றைக்குத்தான் ஒருத்தர் வார்த்தையில் சொல்லிக் கேட்டேன்.

போன மே மாசம் நீ குருப்பட்டத்துக்கு முந்தின படியான தியாக்கோன் பட்டம் வாங்கிவிட்டு வந்தாய். வந்த மறுநாளே மாதாவைப் பற்றி எடுத்தாய். எல்லாரும் ஜென்மப் பாவத்தோடு பிறக்கிறார்கள் என்றால் மாதா எப்படிப் பிறந்தார்கள் என்று அந்தக் காலத்தில் பெரிய வழக்காம். மகன் வந்து மீட்பதற்கு முன்னாலேயே தாய் எப்படிச் சுத்தமாக இருக்க முடியும், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று பெரிய கட்சி சொன்னதாம். சின்னக் கட்சி மூன்றே படியில் மடக்கியது என்று விரலை மடக்கிக் காட்டினாய். கடவுளால் முடியுமா? முடியும். அப்படிச் செய்வது அவருக்குத் தகுமா? தகும், தாயாயிற்றே. ஆகையால் செய்தார். "அவ்ளோதாம்மா! முடியும், தகும், ஆகையால் செய்தார். நூத்துக்கணக்கான வருசம் இழுத்தடிச்சு, கடைசில திருச்சபையே சின்னக் கட்சி பக்கம்தான் வந்துச்சு!" உன் முகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? காற்றாடி அறுந்து நம் கூரைமேலேயே விழுந்தபோது சின்னதில் இருந்த மாதிரி இருந்தது. நானும் அந்தச் சந்தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக உன் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு மீன்காரிக்கும் மட்டும் தெரிந்ததை உன்னிடம் சொன்னேன். உன்னிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயசு இருக்கும். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்பில் வெட்டு வேலைக்கு நானும் உன் அப்பாவும் போயிருந்தோம். தோப்புக்கு ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் கடல். வெட்டின கட்டையைப் படகில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். வெட்டு முடிகிறவரைக்கும் சவுக்கு மிளாறில் குடிசை போட்டு அங்கேயே இருப்போம். குடிதண்ணீர்தான் பெரும்பாடு. மணலில் தோண்டின ஊற்று அந்த வருஷம் உப்பேறிப் போயிருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு பக்கத்து ஊரில் இருந்தது, ஆனால் அதில் நம் ஆட்கள் குடத்தை இறக்கக்கூடாது. ஊர்க்காரப் பெண் யாராவது வந்து, மனசு வந்து, இறைத்து மேலே இருந்து ஊற்றினால் உண்டு. விடிந்ததும் போய் நின்றால் வெயில் நன்றாக ஏறினபிறகுதான் குடம் திரும்பும். அன்றைக்கும் பெண்கள் எல்லாரும் குடத்தோடு போய்விட்டார்கள். ஆண்கள் தோப்பின் அந்தக் கோடியில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எட்டாம் மாசம், யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. நான் போட்ட கூச்சலைக் கேட்டு, கால்வாய்க் கரையோரம் கூடையோடு போய்க்கொண்டிருந்த கன்னியம்மா உள்ளே வந்தாள். குப்பத்துக்காரி, என் வயசுதான், அதற்குள் ரெண்டு பெற்றவள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, மீன் அரிகிற கத்தியை அடுப்பு நெருப்பில் காட்டிக் கொடியை அறுத்தாள்.

குழந்தை அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. கன்னியம்மா அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிப் பார்த்தாள். உதடு நீலம் மாறவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல், "உன் ஆள இட்டாரட்டுமா?" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"போவாதே. தண்ணி வோணும்."

"குடிக்கவா?"

"கொயந்தக்கி. தண்ணி ஊத்தி ஜெபம் சொல்லணும். சொல்லாங்காட்டி அதுக்கு மோட்சம் கெடயாது."

"பானை காலியா கீது. இரு, கால்வாயில ஒரு சொம்பு மொண்டாறேன், பத்தடிதானே."

"வாணாம், வாணாம். அது உப்பு. வாயில வெக்க முடியாத தண்ணியச் சாமி பேர் சொல்லி எப்டி ஊத்தறது?"

இதுதான் நான் செய்த தப்பு என்று நீ சொன்னாய். ஞானோபதேசத்தில் கன்னியாஸ்திரீ அம்மாக்கள் பெண்பிள்ளைகளான எங்களுக்கு அவசர ஞானஸ்நானம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்று, இந்த வார்த்தையைச் சொல் என்றார்கள். எது தண்ணீர், எது தண்ணீர் இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குடிசை மூலையில் இளநீர் ஒன்று கிடந்தது. எனக்கு வாய்க்குமட்டலாக இருக்கிறதென்று முந்தின நாள் உன் அப்பா எங்கேயோ கேட்டு இறக்கிக்கொண்டுவந்த ரெண்டில் மிச்சம் ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. மண்ணில் படாத தண்ணீர், எவர் கையும் படாத தண்ணீர், எந்தக் கிணற்றடியிலும் குடம் ஏந்தி நின்று வாங்காத தண்ணீர். இதைவிடச் சுத்தமானது இந்த நாட்டில் என்ன இருக்கிறது? கன்னியம்மா சீவிக் கொடுத்தாள். பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே என்று அந்தக் காலத்து வார்த்தையிலேயே சொல்லி, மூன்று தரம் நெற்றியில் ஊற்றினேன். மதலேன் என்று பெயர் வைத்தேன். வழிந்தது உதட்டுக்கு வந்ததும் அவள் நாக்கை நீட்டினாள். ஒரு சொட்டு உள்ளே போனது. இந்த உலகத்தில் அவள் சாப்பிட்டது அதுதான். பெண்கள் குடத்தோடு திரும்பி வந்தபோது அவள் இல்லை.

தோப்பில் கட்டை இழுக்கிற மாட்டு வண்டியில் என்னைப் படுக்கவைத்து, உன் அப்பா அவளைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். நம் கோவிலில் அப்போது வெள்ளைக்காரச் சாமியார் இருந்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வேலிக்காத்தான் மண்டின இடத்தில்தான் ஞானஸ்நானம் ஆகாத குழந்தைகளையும் தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் புதைப்பார்கள். அங்கே சிலுவை நடக்கூடாது. சாமியார் என்னிடம், "குளந்தைக்கு ஞானஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார். நானே கொடுத்தேன் என்றேன். "தண்ணி சரியா ஊத்தினையா?" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். "ஊத்தினேன் சாமி" என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. அதை மறைத்தது என் குற்றம், ஒத்துக்கொள்கிறேன். சாமியார் சுவருக்கு உள்ளே இடம் கொடுத்தார். திரும்பி வரும்போது உன் அப்பா, "எளநீ எறக்கினது நானு. பாவம்னா எனக்கு வரட்டும். நீ இனிமே இதப் பேசாத" என்றார். கல்பாக்கத்துக் கட்டட வேலையில் மண் சுமந்து, இருமி இருமி அவர் செத்தபோது, அவள் பக்கத்திலேயே போடச் சொன்னார், போட்டோம். நீதான் முதல் பிடி மண் தள்ளினாய். பக்கத்தில் இருக்கிற சின்ன மேடு யாருடையது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் நீ எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து அந்தத் தடித்த லத்தீன் புத்தகத்தை எடுத்தாய். எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டாய். தோலில் ஓடியதா, துணிமேல் விழுந்ததா என்று கேட்டாய். வார்த்தையும் தண்ணீரும் ஒரே நேரத்திலா என்று கேட்டாய். திருச்சபை செய்வதைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் மனசில் இருந்ததா என்று கேட்டாய். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, இளநீர் தண்ணி இல்லம்மா" என்றாய்.

"தண்ணி இல்லாம வேற இன்னா அது?"

"அது மரத்தோட சாறும்மா. பால் மாதிரி, கள் மாதிரி. மழைத் தண்ணி செல்லும், சேத்துத் தண்ணி கூடச் செல்லும். கடல் தண்ணி செல்லும். கால்வாய்த் தண்ணியும் செல்லும்."

"பத்தடியில இருந்துச்சே அது."

நீ புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாய்.

"உங்க சின்னக் கட்சி இன்னா சொல்லுது?"

"அவங்களும் தண்ணிதாம்மா வேணும்னாங்க."

"அப்போ அவ எங்க கீறா?"

"வலி இல்லாத எடம்மா. நரகம் இல்ல. இருட்டு இல்ல. நிம்மதியா இருப்பாங்க. ஆனா கடவுள் முகத்தப் பாக்க முடியாதுன்னு பழைய ஆளுங்க ரெண்டு கட்சியும் சொல்லுது."

"எத்தினி நாளைக்கு?"

"எப்பவும்."

"அப்பா?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். ஒரே மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறவர்கள் அங்கே ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள் என்று உன் குனிந்த தலை சொன்னது. பிறகு, அந்தக் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கவில்லை என்று அவர்களுக்கே தெரியாது, அதனால் ஏக்கம் இருக்காது என்றாய். ஞானஸ்நானம் முதலான தேவதிரவிய அனுமானங்களுக்குக் கடவுள் கட்டுப்பட்டவர் இல்லை என்று பெரிய கட்சியிலேயே ஒரு பேச்சு உண்டு, இப்போது புதுசாக எழுதுகிறவர்கள் அவர் இரக்கத்தில் விட்டுவிடுங்கள் என்கிறார்கள், நம்பலாம், ஆனால் அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று அடித்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்றாய். பொய் சொல்லி என்னைத் தேற்றாமல் விட்டாயே, அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வெள்ளைக்காரச் சாமியார் எதிரில் செய்யாததை நீ என் எதிரில் செய்தாய். என் கோபம் வேறு.

அடுத்த வாரம் கன்னியம்மா கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் வந்தாள். அவளுக்கு இப்போது முழங்கால் மடங்கவில்லை, ஆனால் வாய் அப்படியேதான் இருக்கிறது. நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு, "எங்க சாமிய எளநீலதாம்மே குளிப்பாட்றோம். ஒரு நாளாச்சும் மூஞ்சி சுளிச்சிருப்பாரா? உங்க சாமி இன்னாம்மே, ஒரு எளநீக்கு இவ்ளோ பேஜாரு பண்றாரு?" என்றாள். "சாமி பண்ணலடி, புக்குல எய்தி கீதாம்" என்றேன். "எய்தினவன் ஊர்ல தென்னமரம் கீதா?" என்றாள். தும்பி, நீ சிரிக்காதே. அந்தக் கேள்விக்கு உன் குருமடத்தில் யாராவது பதில் சொன்னால் எனக்கு எழுது. அந்த மகான்கள் பனியும் ஆறும் ஓடுகிற ஊரில் உட்கார்ந்து எது தண்ணீர் என்று முடிவு செய்தார்கள். குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றடியில் காத்து நிற்கிறவர்கள் உண்டு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அவர்களுடைய கேள்வி மறுப்பு பதிலில் எங்கள் மறுப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் எங்கள் குடத்தை இறங்க விட்டிருந்தால் என் பானையில் தண்ணீர் இருந்திருக்கும். தடுத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை, தாகத்தோடு பிறந்தவளுக்குக் கதவு சாத்தியா?

அதனால் நானும் உன் சின்னக் கட்சியில் சேர்ந்துவிட்டேன், மூணாங்கிளாஸ் படிப்போடு. விரலை மடக்கிக்கொள். என் மகளைச் சேர்த்துக்கொள்ளக் கடவுளால் முடியுமா? முடியும். இல்லை என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் தைரியம் கிடையாது. அவருக்குத் தகுமா? தகும். தன் தாய்க்காகச் சட்டத்தை நிறுத்திவைக்கத் தெரிந்தவருக்கு, இன்னொரு தாய் கையில் இருந்ததைக் கொண்டு செய்ததை ஏற்றுக்கொள்ளத் தகாதா? ஆகையால் செய்தார். மாதாவுக்குச் செல்லுகிற நியாயம் மதலேனுக்குச் செல்லாது என்றால் அது நியாயம் இல்லை, சலுகை. இதைத் திருச்சபை ஒத்துக்கொள்ள நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும் என்றால் ஆகட்டும். உன் ஸ்காட்லாந்துக்காரரும் பொறுத்துத்தான் இருந்தார்.

என் கோபம் என்ன என்று சொல்லாமலே போகிறேனே. அன்றைக்கு அத்தனை கேள்வி கேட்டாய். எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்டாய். அவள் யார் ஜாடை என்று கேட்கவில்லை. முடி இருந்ததா என்று கேட்கவில்லை. அவள் பெயரை நான்தான் சொன்னேன், அதைக்கூட நீ ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டிக்கு 'இதுதான் இது' என்று மணிக்கணக்காகப் பேசின உனக்கு, உன் அக்கா 'ஞானஸ்நானம் பெறாத குழந்தை' என்கிற ஒரு வகையாகிப் போனாள். அந்தப் பழைய வாத்தியார்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் சொன்னதில் நல்லதை நீ பரீட்சைக்கு வெளியே விட்டுவிட்டு, கெட்டதை வீட்டுக்குள் கொண்டுவந்தாய். உனக்கு நான் சொல்கிற புத்தி ஒன்றுதான். நாளைக்கு உன் அறைவாசலில் ஒரு பெண் மடியில் துணிப்பொட்டலத்தோடு வந்து நிற்பாள். புத்தகத்தை எடுக்காதே. முதலில் பெயரைக் கேள். முகத்தைத் திறந்து பார். அதற்குப் பிறகும் உனக்குச் சட்டம் ஞாபகம் வந்தால் சொல்லிக்கொள். அவளுக்கு ஜாடை உன் அப்பா. நெற்றி மட்டும் என்னுடையது. முடி நிறைய இருந்தது, இளநீர் பட்டதும் சுருண்டுகொண்டது.

இன்னொரு விஷயம். குருப்பட்டத்தன்று மேற்றிராணியார் உன் உள்ளங்கையில் எண்ணெய் பூசி ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார். அந்தத் துணியைப் பெற்றவளிடம் கொடுப்பது பழைய வழக்கம். அவள் செத்தால் கையில் அதைச் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். மேலே போய் நின்றால், குருவானவரைப் பெற்றவள் வந்திருக்கிறாள் என்று ஆண்டவர் அந்த எண்ணெய் வாசனையில் தெரிந்துகொள்வாராம். மற்ற ஊர்களில் இதை விட்டுவிட்டார்கள், நம் பங்கில் உண்டு என்று உபதேசியார் சொன்னார். கொடு, ரெண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் பெட்டிக்காக வைத்துக்கொள்ள மாட்டேன். அன்றைக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவள் மேட்டைக் கையால் கிளறி அதைப் புதைப்பேன். எனக்கு எதற்கு அது? எனக்கு நல்ல தண்ணீரில்தானே ஊற்றினார்கள், நான் என் வழியில் போய்க்கொள்வேன். அவளுக்குத்தான் நெற்றியில் குறை என்கிறாயே, அவள் கையில் அது இருக்கட்டும். ஒரு குருவானவரின் அக்கா என்று சொல்லிக்கொண்டு போகட்டும். இது பாவம் என்றால் நீயே எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேள், அபராதம் கொடு, முழங்காலில் நின்று செய்கிறேன். செய்ததற்கு வருந்துகிற மனஸ்தாபம் மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே. இதைப் படித்துவிட்டு அவளைச் சுவருக்கு வெளியே மாற்றவேண்டும் என்று எவருக்காவது தோன்றினால் மண்வெட்டியோடு வரட்டும். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக, உன்னிடம் சொன்ன ஒரு பொய்யைத் திருத்தவேண்டும். உன்னை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு பெற்றேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், நீயும் குருமடத்தில் சேரும்போது அப்படித்தான் எழுதிக் கொடுத்தாய். அது உண்மை இல்லை. அவளுக்குப் பிறகு ஆறு வருஷம் எனக்கு ஒன்றும் தங்கவில்லை. ரெண்டு கரு மூணாம் மாசத்திலேயே கலைந்துபோனது. உன் அப்பாவின் ஆட்கள் வேறு கல்யாணம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் நான் யாரிடமும் சொல்லாமல் போய் அவள் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாதாவையும் கேட்கவில்லை, அந்தோனியாரையும் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டேன். மதலேன், நீ அவருக்குப் பக்கத்தில் இருக்கிறாய், அவர் முகம் உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டு வாங்கி அனுப்பு, அனுப்பினால் அவனை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அடுத்த வருஷம் நீ பிறந்தாய். அவளுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் உன்னைக் குருமடத்துக்கு அனுப்பினேன். அதற்காகத்தான் இந்தப் பட்டம், இந்த மலர், இந்தப் பந்தல் எல்லாம். அவள் கடவுள் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறாள் என்றால், அன்றைக்கு அவர் எதிரில் போய் நின்று, எனக்காக உன்னைக் கேட்டு வாங்கினது யாரடா?